ஒன்றுக்கு ஒன்று

நள்ளிரவு வரை
நீங்கள் போடும் ஒவ்வொரு யூரோவுக்கும்
நாங்கள் ஒரு யூரோ போடுவோம்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பதினோரு முறை திருத்தினார்கள்.
'நாங்கள்' முன்னால் வரட்டும் என்றார் விளம்பரக்காரர்.
வேண்டாம் என்றாள் முதலாளி இடலீனா.
பிறகு, பார்க்கலாம் என்றாள்.

போர்ச்சுகலின் வடக்கே நாற்காலி செய்யும் ஊர்.
நாற்பத்தாறு பேர் ஒன்பது மணி நேரம் நின்றபடி
பிறர் உட்கார வழி செய்கிறார்கள்.
கணக்கெழுதும் பெல்மிருவுக்கு மட்டும் நாற்காலி உண்டு:
ஒரு கால் ஆடும்,
ஏற்றுமதியில் திரும்பி வந்தது.

ஊர்த் தீயணைப்புப் படைக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்.
எல்லாரும் தன்னார்வலர்கள், சம்பளமில்லை.
கையிருப்பு போக இன்னும் இருபதாயிரம்.
பழைய வண்டி மேட்டில் நின்றுவிடுகிறது.
போன மார்ச்சில் குஸ்டோடியுவை ஏற்றிக்கொண்டு
அப்படித்தான் நின்றது.
வார்னிஷ் பிரிவில் அவருடைய கொக்கியில்
இன்னும் யாரும் சட்டை மாட்டுவதில்லை.

திரையில் ஒரு பச்சைக் கோடு.
பால் பொங்கக் காத்திருப்பவன் மாதிரி
காலையிலிருந்து பெல்மிரு அதையே பார்க்கிறான்.
பெயர், தொகை, ஒரு வரி வாழ்த்து.
மொய் நோட்டேதான்.
என்ன, இந்த மொய் வைத்த நிமிடமே திரும்புகிறது,
வேறொருவர் பையிலிருந்து.

அடுத்த அறையில் வேறு பேச்சு:
வண்டிக் கதவில் கம்பெனிச் சின்னம்
முழங்கை அகலமா, உள்ளங்கை அகலமா?
முல்லைக்குத் தேர் கொடுத்தவனைப் பற்றி
நாம் எத்தனையோ காலமாகப் பேசுகிறோம்.
தேரின் பக்கப் பலகையில் அவன் பெயர் இருந்ததா என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கொடிக்குப் படிக்கத் தெரியாதது
ஒரு விதத்தில் வசதி.

நாலு மணிக்குக் கோடு நின்றது.
ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது.
மருந்துக்கடை கொடுத்தாயிற்று, கால்பந்துக் குழு கொடுத்தாயிற்று,
பாதிரியார் இருமுறை.
எட்டாயிரம் கம்பெனியின் உச்சவரம்பு.
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்.
அதை எழுதச் சொன்னவன் பெல்மிரு.
எதற்கும் ஒரு மூடி வேண்டும் அல்லவா.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது.
ஆறு ஏழுக்கு, சுல்மீரா, இரண்டு யூரோ.
'குஸ்டோடியுவுக்காக.'
லாரி ஓட்டும் அடெரித்து, மூன்று.
பேக்கிங் பிரிவு வரிசையாக, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி
ஆளுக்கு இரண்டு.
மறுபடியும் சுல்மீரா:
'நான் இரண்டு போடுகிறேன், நீங்களும் போடுங்கள்.'
ஒன்பது மணிக்கு இன்னொரு இரண்டு:
'கேட்டால் கிடைக்கும் என்று
இப்போதுதான் தெரிகிறது.'

ஜனவரியில் மணிக்கு நாற்பது சென்ட் கூடக் கேட்டிருந்தார்கள்.
'இவ்வாண்டு இயலாது' என்ற கடிதத்தை
பெல்மிருதான் தட்டச்சு செய்தான்.
இடலீனா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.
ஒரு முறை சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.
ஒவ்வொரு இரண்டுக்கும் அவளிடமிருந்து ஓர் இரண்டு
ஓசையில்லாமல் கழன்றது.
தரவே மாட்டேன் என்ற பணம் அது.
வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு.
எட்டாயிரம்.
'நிறுவனத்தின் பங்கு நிறைவடைந்தது, நன்றி'
என்று பக்கம் தானே சொல்லிக்கொண்டது.

பதினொன்று நாற்பத்தொன்று.
சுல்மீரா, இரண்டு. வாழ்த்து வரி காலி.
முதல் முறையாக அந்த இரண்டு
துணையில்லாமல் மேலேறியது.
அடெரித்து, ஐந்து.
பெயர் சொல்லாத ஒருவர், ஒன்று.

பெல்மிரு நிமிர்ந்து பார்த்தான்.
நாற்காலியின் கால் ஆடியது.
அந்த எண்ணை அழி, என்றாள் இடலீனா.
அழித்துவிட்டு, புது எண் என்ன என்று கேட்டான்.
கட்டத்துக்குள் கோடு மட்டும் மினுங்கிற்று.

அவள் வாய் திறப்பதற்குள்
இன்னோர் இரண்டு விழுந்தது.